இந்தத் தடவை நிஜம், டீச்சர்

பதினாறு வருடமாக இந்த ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ஒரே வேலைதான். வண்டியோடு வருகிறவர் முன்னால் முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஒரு சின்ன விஷயம் இருக்கு சார்" என்று ஆரம்பிப்பது. அந்தச் சின்ன விஷயம் ஒரு நாளும் சின்னதாக இருந்தது கிடையாது. சட்டைப் பையின்மேல் 'சர்வீஸ் அட்வைசர்' என்று தைத்திருக்கும். அட்வைஸ் முதலாளியுடையது. வாய் மட்டும்தான் என்னுடையது.

அலுத்துவிட்டது. ஆரம்பத்தில் உறுத்தியது, பிறகு பழகியது, இப்போது வெறும் அலுப்பு. காலையில் ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டாலே கொட்டாவி வருகிறது. பொய் சொல்வதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது என்பவர்கள், அதே பொய்யை ஒரு நாளைக்கு ஆறு பேரிடம் சொல்லிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் கடைக்குச் சோறு போடுவது பால் ஜாயிண்ட். முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற இரும்புக் குமிழ் அது, கை முட்டி அளவுதான் இருக்கும். அது விட்டுப்போனால் சக்கரம் ஒருபக்கமாக மடங்கிக்கொள்ளும், ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றும். முதலாளிக்கு அதன்மேல் தனிப் பிரியம். "ஏசி சரியில்லன்னு சொன்னா அடுத்த மாசம் பாத்துக்கலாம்பான். சக்கரம் கழண்டுக்கும்னு சொல்லு, எவன் அடுத்த மாசம்பான்?" என்பார்.

என் மேஜைக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் ஒரு ஸ்டீல் ட்ரே. அதில் வேஸ்ட் துணி விரித்து, தேய்ந்துபோன ஒரு பால் ஜாயிண்ட். ரப்பர் கிழிந்து, ஆட்டினால் கடகடவென்று பல் ஆடுகிற மாதிரி ஆடும். எந்தக் காலத்து வண்டியிலிருந்து கழற்றியதோ தெரியாது. எல்லோருக்கும் அதைத்தான் "உங்க வண்டில இருந்து எடுத்தது" என்று காட்டுவோம். ஒரு வேலையும் செய்யாமல் துணிமேல் உட்கார்ந்து மரியாதை வாங்குவதால் எங்கள் மெக்கானிக் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தான்.

மெக்கானிக்கையும் சொல்லிவிடுகிறேன். அவனை எல்லோரும் முனகல் என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்து பேசமாட்டான், எதற்கும் ஒரு முனகல். சக்கரத்தின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, வண்டிக்காரர் எதிரில் பிடித்து ஆட்டுவான். சக்கரம் லொடலொடக்கும். அவன் முனகுவான். அந்த முனகலைக் கேட்டால் நல்ல வண்டிக்குக்கூடக் காய்ச்சல் வந்துவிடும். அப்புறம் நான் மாப்பிள்ளையைக் கொண்டுபோவேன்.

வண்டிக்காரரை ஏசி அறையில் உட்காரவைத்துவிட்டு முனகல் செய்வது இவ்வளவுதான்: நன்றாக இருக்கும் பால் ஜாயிண்டைத் துடைத்து, மேலே புது ரப்பர் மாட்டி, கறுப்பு ஸ்ப்ரே அடித்துவிடுவான். பில்லில் 'புதியது, இரண்டு' என்று ஏறும். "நல்லா இருக்கறதத்தானே விட்டு வெச்சோம்? யாரு குடி முழுகிப் போச்சு?" என்று முதலாளி கேட்பார். நானும் பதினாறு வருடம் அதையே பிடித்துக்கொண்டு தூங்கினேன்.

அன்று காலை டீச்சர் வந்தார். கணக்கு டீச்சர். பில்லை நின்றபடியே மனக்கணக்காகக் கூட்டிப் பார்க்கிற ஒரே வாடிக்கையாளர். அவர் வந்தால் முதலாளியே கண்ணாடி அறைக்குள் முதுகை நிமிர்த்தி உட்காருவார்.

"ஆயில் மட்டும் மாத்திக் குடுங்க. வேற ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்றார் வந்ததும் வராததுமாக. "மலைமேல ஆஸ்பத்திரில என் பொண்ணு இருக்கா. குழந்தை பொறந்து அஞ்சு நாள் ஆகுது. மூணு மணிக்கு டிஸ்சார்ஜ். மருமகன் கூடத்தான் இருக்காரு, ஆனா அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான்தான் போய் எல்லாரையும் இறக்கிக் கூட்டிட்டு வரணும்."

"பையனா, பொண்ணா டீச்சர்?"

"பொண்ணு" என்றார். அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பின்சீட்டில் புது மெத்தை ஒன்றைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கட்டி வைத்திருந்தார்.

அரை மணி நேரத்தில் முனகல் என் மேஜைக்கு வந்தான். "அண்ணே, ஒரு நிமிஷம் வாங்க" என்றான். முழு வாக்கியம். விஷயம் பெரிது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டீச்சரின் வண்டி லிஃப்டில் ஏறி நின்றது. முனகல் இடது முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். உள்ளே டொக் டொக் என்றது.

"நட்ட லூஸ் பண்ணினியா?"

"தொடவே இல்லண்ணே."

டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் கிழிந்து, கிரீஸ் வழிந்து காய்ந்து, குமிழ் தன் குழியிலிருந்து பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் எங்கள் கறுப்பு ஸ்ப்ரே அங்கங்கே உரிந்து கிடந்தது. இரண்டு வருடம் முன்னால் இதே வண்டிக்குப் 'புதியது, இரண்டு' என்று பில் போட்டவன் நான். அன்று அது உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதனால் மாற்றவில்லை. இன்று அதற்கு வயதாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு மலையிலிருந்து ஒரு பச்சைக் குழந்தையோடு இறங்க முடியாது. முதல் நாலு வளைவே அதிகம்.

"ஸ்டாக்ல இருக்கா?"

"பொழுது சாயறதுக்குள்ள வரவழைக்கலாம்" என்றான்.

என் தப்பு அடுத்த நிமிடத்தில் நடந்தது. டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தவன், கை பழகிய பழக்கத்தில் அலமாரியைத் திறந்து ட்ரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவருடைய ஜாயிண்ட் இன்னும் அவர் வண்டியில்தான் இருக்கிறது, கழற்றவே இல்லை. பால் ஜாயிண்ட் என்று வாய் சொன்னால் கை மாப்பிள்ளையை எடுக்கும். செக்குமாடு போல அதே வட்டம்.

"டீச்சர், ஒரு சின்ன விஷயம்" என்றேன். "முன்பக்கம் பால் ஜாயிண்ட் போயிடுச்சு. வண்டி எடுக்கவே கூடாது."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ட்ரேயிலிருந்து மாப்பிள்ளையை இரண்டு விரலால் எடுத்துத் திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார். பிறகு என் பக்கமாக நீட்டி, அடிப்பக்கத்தைக் காட்டினார். கறுப்பு பெயிண்டில் சாவியால் கீறின மாதிரி ஒரு டிக் இருந்தது.

"இது நான் போட்டது" என்றார்.

எனக்கு நினைவு வந்துவிட்டது. இரண்டு வருடம் முன்னால் இதே இடத்தில் இதே இரும்பைக் காட்டியபோது, "பாத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே கார் சாவியால் ஒரு கீறல் போட்டார். விடைத்தாள் திருத்துகிற கை, சும்மா இருக்காது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நூறு பேருக்காவது அதைக் காட்டியிருப்பேன், ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

"இத கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்னு சொன்னீங்க. ரெண்டு வருஷமா இன்னும் போய்ச் சேரலையா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் சமாளிக்க என்னிடம் ஏழெட்டு வழி உண்டு. தட்டு மாறிவிட்டது என்கலாம், எல்லா ஜாயிண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்கலாம். எதையும் சொல்லத் தெம்பில்லை.

"பொய்தான் டீச்சர்" என்றேன். "இது உங்களது இல்ல. யாரோடதும் இல்ல. ஆனா உங்க வண்டில இருக்கறது நிஜமாவே போயிடுச்சு."

"எப்படிப் போகும்? ரெண்டு வருஷம் முன்னாடிதானே புதுசு போட்டீங்க?"

"போடலை."

"என்ன?"

"மாத்தலை டீச்சர். பெயிண்ட் அடிச்சு விட்டோம். அன்னைக்கு அது நல்லா இருந்துச்சு. இன்னைக்கு இல்ல."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாடா, சொல்லிவிட்டோம், இனி நம்பித்தானே ஆக வேண்டும் என்று நான் நினைத்தேன். என்னைப் போல ஒரு மடையன் இருக்க முடியாது.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "முதல்ல நல்லா இருந்ததப் போச்சுன்னு சொல்லி வாங்கினீங்க. இப்ப மாத்தவே இல்லன்னு சொல்லி மறுபடி வாங்கணும். என்கிட்ட கணக்குப் பாடத்துல இவ்வளவு தெளிவா ஒருத்தன்கூட யோசிச்சதில்ல."

"வாங்க, நானே காட்டறேன். சக்கரத்தை ஆட்டிப் பாருங்க."

"அன்னைக்கும் ஆட்டித்தானே காட்டுனீங்க? இதே மாதிரி முனகிட்டே."

லிஃப்ட் பக்கத்தில் நின்ற முனகல் தரையைப் பார்த்தான்.

"சரி, என்னை நம்ப வேண்டாம். எதிர்ல இன்னொரு மெக்கானிக் இருக்கான் பாருங்க, அவன் கடைல காட்டுங்க. அவனுக்கும் எனக்கும் ஒத்துவராது."

"தினமும் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு டீ குடிக்கறீங்க. நான் ஸ்கூல் விட்டு இந்த வழியாத்தான் போறேன்."

"அப்ப டாக்ஸில போங்க. நான் கூப்பிட்டுத் தரேன்."

"வண்டிய இங்க விட்டுட்டா? நாளைக்கு வந்தா இன்ஜினும் போயிடுச்சும்பீங்க."

எந்தப் பக்கம் போனாலும் நானே கட்டின சுவரில் நானே முட்டிக்கொண்டேன். அந்த அம்மா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. என்னைப் பற்றி அவர் போட்ட கணக்கு சரி, விடை மட்டும்தான் தப்பு. அந்தத் தப்பில் ஒரு ஐந்து நாள் குழந்தை இருந்தது.

அதற்குள் கண்ணாடி அறைக் கதவு திறந்தது. முதலாளி வந்தார், வாயெல்லாம் பல்லாக.

"என்ன டீச்சர், ஏதோ குழப்பமாமே? இவருக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல, ஏதோ உளறிட்டு இருக்காரு. உங்க வண்டிக்கு ஒரு குறையும் இல்ல. ஆயில் மாத்தியாச்சு. காசே வேண்டாம், பேத்தி பொறந்திருக்கு, சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

சாவியைத் தானே கொண்டுவந்து கையில் கொடுத்தார். வண்டியை இறக்கச் சொல்லி முனகலுக்குக் கண்ணைக் காட்டினார். என் பக்கம் திரும்பியபோது பல் ஒன்றையும் காணோம். "புகார் கிகார்னு போனா முதல்ல உள்ள போறது பில்லுல கையெழுத்துப் போட்டவன்தான். ஞாபகம் வெச்சுக்க" என்றார் வாய்க்குள்ளேயே.

லிஃப்ட் இறங்கியது. டீச்சர் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் பிடுங்கலாமா என்றுகூட நினைத்தேன். பிடுங்கினால் அதையும் ஒரு வித்தை என்பார். பேசிப் பிரயோஜனம் இல்லை, என் வாய்க்கு அந்த இடத்தில் மதிப்பில்லை. மறுபக்கம் போய், முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன இது?"

"நானும் வரேன்."

"எங்க?"

"மலைக்கு. நீங்க நம்பலைல்ல, போலாம். நான் பக்கத்துல உக்காந்து வரேன்."

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இறங்குங்க" என்றார். நான் இறங்கவில்லை. "டேய்!" என்று முதலாளி வெளியிலிருந்து கத்தினார். டீச்சர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், ஏறும்போது எனக்கு வீராப்புதான் இருந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கிய சரிவிலேயே அது கழன்றுவிட்டது. இடது சக்கரம் என் காலுக்கு நேர் கீழே இருந்தது. டொக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி டொக். குமிழ் குழியின் விளிம்பில் ஏறி இறங்குவதை நான் டார்ச் இல்லாமலே பார்த்தேன். பதினாறு வருடமாக ஊருக்கெல்லாம் காட்டின பயம், முதல்முறையாக எனக்கே வந்தது. என் வலது கால் தானாகவே தரையை பிரேக் என்று நினைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

"சீட் பெல்ட்" என்றார் டீச்சர்.

மாட்டினேன். மூன்று தடவை கொக்கி தவறியது.

பஸ் ஸ்டாப் தாண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கர் வந்தது. டீச்சர் வழக்கம்போல ஏற்றினார். "மெதுவா! மெதுவா! நிறுத்துங்க, ஐயோ, நிறுத்துங்க!" என்று நான் கத்திவிட்டேன். கத்தியது எனக்கே கேவலமாக இருந்தது. ஐம்பது வயது ஆம்பளை, இரண்டு கையாலும் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

வண்டி ஓரமாக நின்றது. இன்ஜின் சத்தம் அடங்கியது. கண்ணைத் திறந்தபோது டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பொய் சொல்ற பிள்ளைங்கள முப்பது வருஷமாப் பாக்கறேன்" என்றார் கடைசியில். "பயப்படற பிள்ளைங்களையும்தான். ரெண்டும் வேற வேற."

போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டார். அங்கேயே டாக்ஸி பிடித்து, மெதுவாக இறங்கி வரும்படி சொன்னார். குழந்தையின் தலையை எப்படிப் பிடிக்க வேண்டும், ஜன்னலை எவ்வளவு திறக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். ஏன் வரவில்லை என்று மருமகன் கேட்டிருக்க வேண்டும். "வண்டி சரியில்ல" என்றார் டீச்சர். போனை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

நான் கும்பிடு போட்டுவிட்டு இறங்கி நடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வேலை போய்விட்டது, அது தெரியும். ஆனால் மனசு ரொம்ப நாளைக்கப்புறம் லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று, வெட்கமில்லாமல், சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டி ஓடுது?" என்று கேட்டார் டீச்சர், நெற்றியை எடுக்காமலே.

"எது?"

"பெயிண்ட் அடிச்சு விட்டது. புதுசு போட்டாச்சுன்னு நம்பிட்டு யாரும் பாக்கவும் மாட்டாங்களே."

அதை நான் யோசித்ததே இல்லை. சத்தியமாக இல்லை. நன்றாக இருப்பதைத்தானே விட்டுவைத்தோம் என்பதோடு என் யோசனை நின்றுபோயிருந்தது. இரும்பும் வயதாகும் என்பது எனக்குத் தெரியாதா? இப்போது ஒவ்வொன்றாக வந்தன. ஐஸ் கம்பெனி வேன். டிரைவிங் ஸ்கூல்காரர் வண்டி, போன மழைக்காலத்தில். மருந்துக் கடைக்காரர். நர்சரிப் பள்ளிக்கூடத்து வேன், அதற்கு இரண்டு பக்கமும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன், டீச்சர் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவதோ எட்டாவதோ சொல்ல வந்தவன் நிறுத்திவிட்டேன்.

"என்ன?"

"என் தங்கச்சி வண்டி" என்றேன். "அன்னைக்கு நான் லீவு. மறுநாள் பில்லுல பாத்தேன். நான் ஒண்ணும் கேக்கலை."

என் போன் கடையில் மேஜைமேலேயே கிடந்தது. டீச்சர் தன்னுடையதை நீட்டினார். நம்பர் மனப்பாடம். ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு காற்றுச் சத்தமும் ஹாரன் சத்தமுமாகத் தங்கச்சி குரல் வந்தது.

"யாரு?"

"அண்ணன் பேசறேன். எங்க இருக்க?"

"அண்ணனா? யாரு நம்பர்லேர்ந்து பேசற? வண்டிலதான் இருக்கேன், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பசங்கள நீச்சல் கிளாஸ்ல விடப் போறேன். மேம்பாலத்துமேல." பின்னால் பிள்ளைகள் "மாமா! மாமா!" என்று கத்தினார்கள். "நீ ஒண்ணும் பயப்படாத. நீ ரெண்டு வருஷமா பார்க்கும்போதெல்லாம் மெதுவாப் போ, மெதுவாப் போன்னு சொல்லுவியே, அதே மாதிரி மெதுவாத்தான் போயிட்டு இருக்கேன்."

டீச்சருக்கு அது நன்றாகவே கேட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்.

"மா" என்றேன். "நான் சொல்றதக் கேளு. பிரேக் மேல மெதுவா காலை வை. ஸ்டியரிங்கத் திருப்பாம நேரா வெச்சுக்க."

"ஏண்ணா?"

"முதல்ல நிறுத்து. அப்புறம் சொல்றேன். எல்லாம் சொல்றேன்."